எடை பார்க்கிறார்கள், பேச்சை யார் பார்ப்பது?

“இன்னும் ஆறு மாசம் பாருங்க, தானா பேசிரும்.” பேச்சு வராத பிள்ளையை வைத்திருக்கும் தோட்டத்துத் தாய்க்கு முதலில் கிடைக்கும் மருந்து இதுதான். மாமியார் சொல்கிறார், பக்கத்துக் காம்பராக்காரர் சொல்கிறார், சில இடங்களில் டிஸ்பென்சரியிலும் இதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். “அவங்கப்பனுக்கும் மூணு வயசுலதான் வாய் தெறந்துச்சு” என்று ஒரு சாட்சியும் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதம் இன்னொரு ஆறு மாதமாகும். கடைசியில் பிள்ளை முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காரும்போது ஆசிரியர் கண்டுபிடிக்கிறார். அப்போது வயது ஐந்து தாண்டியிருக்கும், ‘ஊமைப் பய’ என்ற பட்டமும் கிடைத்திருக்கும்.

இந்த ஆறு மாதக் கணக்கை நாம் எதிர்க்கிறோம். பெரியவர்கள் அறியாமல் சொல்வது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பொறுத்திருப்பதால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். தோட்ட நிர்வாகத்துக்கு லீவு கொடுக்கும் தொல்லை இல்லை. அரசாங்கத்துக்கு மலையகத்துக்கென்று ஒரு சிகிச்சையாளரை நியமிக்கும் செலவு இல்லை. பொறுத்திருந்து இழப்பது பிள்ளை மட்டும்தான்.

தானாகவே பேசிவிடும் பிள்ளைகளும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை அந்தப் பிள்ளையா, அல்லது காது கேளாத பிள்ளையா, அல்லது ஓட்டிசம் உள்ள பிள்ளையா என்பது பரிசோதிக்காமல் எப்படித் தெரியும்?

இதே வயதுப் பிள்ளைக்கு வெள்ளவத்தையில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் பெண்களே பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மாடி வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு ஹட்டன் பக்கமிருந்தும் பதுளைப் பக்கமிருந்தும் போனவர்கள் எத்தனை பேர்! அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதில் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையென்றால், வசதியுள்ள பெற்றோர் அந்த வாரமே சேனல் பண்ணுகிறார்கள். முதலில் காதுப் பரிசோதனை, பிறகு சிறுபிள்ளை வைத்தியர், அதன் பிறகு பேச்சுச் சிகிச்சை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது எங்கள் பெண். சிகிச்சையாளர் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் செய்வதும் பெரும்பாலும் அவள்தான். சாமானைக் கையில் கொடுக்குமுன் அதன் பெயரைச் சொல்வது, பிள்ளையின் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்து பேசுவது, பிள்ளை ஒரு சத்தம் போட்டால் பதிலுக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அது மறுபடி வாய் திறக்கும்வரை காத்திருப்பது. இதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. யாராவது சரியான நேரத்தில் சொல்லித்தர வேண்டும், செய்ய நேரமுள்ள ஓர் ஆள் வேண்டும்.

அவள் பெற்ற பிள்ளையோ லயத்தில் பாட்டியிடம் இருக்கிறது. அதற்கு இரண்டரை வயதாகியும் ‘அம்மா’ வரவில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தால், கூடவே வரும் ஆறுதல் அதே ஆறு மாசம்தான். ஊரான் பிள்ளைக்குப் பேச்சு வரவைக்கத் தெரிந்த கைக்குத் தன் பிள்ளையைப் பார்க்க விடுமுறை கிடையாது. வெள்ளவத்தைப் பெற்றோர் மீது நமக்குக் கோபமில்லை. அவர்கள் செய்வது சரி. அந்தச் சரியான வேலை பணத்துக்கு மட்டும் கிடைப்பதுதான் கோபம். தோட்டத்தில் ஒரு நாள் பேர் அந்தச் சேனல் கட்டணத்துக்கே காணாது.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்குப் போன எங்கள் இளைஞர்கள் பலர் அங்கே ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். லயத்திலாவது முற்றத்தில் பத்துப் பேர் பிள்ளையோடு பேசுவார்கள். இங்கே கதவைச் சாத்தினால் தாயும் பிள்ளையும் ஒரு போனும்தான். போன் ஓயாமல் பேசும், ஆனால் பிள்ளையின் சத்தத்துக்குப் பதில் சொல்லாது. பேச்சுச் சிகிச்சை என்றாலே காசு என்று நினைத்து இவர்கள் பலர் கிட்டவே போவதில்லை. இவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பொரளையில் 1895 முதல் இருக்கும் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரசாங்க வைத்தியசாலை. அங்கே காசு இல்லை. பேச்சுச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. ஊரில் கொடுத்த கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.

கொழும்பில் நம்மவர்களுக்கு இன்னொரு புத்திமதியும் கிடைக்கிறது. “வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள், ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்.” இது தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பது நன்கு ஆராயப்பட்ட விஷயம். தாய்க்குச் சரளமாக வரும் மொழியைப் பறித்தால் பிள்ளை கேட்கும் பேச்சுதான் குறையும். பரிசோதனையும் அந்த மொழியில்தான் நடக்க வேண்டும். ஃபிரிட்ஜையும் விமானத்தையும் படத்தில் காட்டிச் சிங்களத்தில் பெயர் கேட்டால் எங்கள் பிள்ளை முழிக்கும். பீலியையும் கூடையையும் காட்டித் தமிழில் கேட்டுப் பாருங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. கச்சேரிப் பலகையில் எழுதி மாட்டுவதற்கு மட்டுமா அந்த உரிமை?

இனித் தோட்டத்துக்கு வருவோம். மாதாமாதம் பிள்ளையைத் தராசில் போட்டு நிறுக்கிறார்கள். நல்லது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டத்தில் அது ஏறக்குறைய 32. ஆகவே நிறுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கொப்பியில், எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும், என்ன பேச வேண்டும் என்ற பக்கமும் இருக்கிறதே! அந்தப் பக்கம் எத்தனை கொப்பிகளில் வெறுமையாகக் கிடக்கிறது என்று உங்கள் வீட்டுக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். 18 மாதத்தில் ஓர் ஊசி இருக்கிறது. அடுத்தது மூன்று வயதில்தான். நடுவே ஊசி இல்லை என்றதும், ஒரு பேரை விட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போவானேன் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். பேச்சுத் தாமதம் வெளியே தெரியும் காலமும் சரியாக அதுதான். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் ‘பால் தா’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொல் சேர வேண்டும். வரவில்லையென்றால் அப்போதே பரிசோதனை. வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இவ்வளவு சின்ன வயதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளை நம் நாட்டிலேயே, ஒரு நகரம் சார்ந்த பகுதியில் பார்த்தார்கள். 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாக 2009இல் எழுதினார்கள். வெளிநாட்டுக் கேள்விப் பத்திரத்தை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் தவறிப்போனார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. தாயிடம் “பிள்ளை நல்லா இருக்கா?” என்று கேட்டுவிட்டுக் கொப்பியில் சரி போடுவது பரிசோதனை ஆகாது. பழகிய கண் பார்க்க வேண்டும்.

அந்தக் கண் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தாய் ஏழு மணிக்குப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள். கொழுந்து நிறுத்து முடித்து மாலையில் தூக்கும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். அது பகல் முழுவதும் என்ன பேசியது, கூப்பிட்டால் திரும்பியதா, மற்றப் பிள்ளைகளோடு விளையாடியதா என்று பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குத்தான் தெரியும். அவருக்கு இரண்டு நாள் பயிற்சி, கையில் தமிழில் ஒரு தாள், சந்தேகம் வந்தால் குடும்பநல மாதுவுக்கு அறிவிக்கும் ஒழுங்கு. கம்பனியும் ‘ட்ரஸ்ட்’டும் நினைத்தால் இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும்?

காதையும் மறக்கக் கூடாது. ஈரச் சுவரும் விறகுப் புகையும் அடைந்த காம்பராவில் சளி பிடித்த பிள்ளைக்குக் காதில் சீழ் வடிவது நமக்குப் பழகிப்போன காட்சி. எண்ணெய் விட்டு, பஞ்சு அடைத்து விட்டுவிடுகிறோம். எண்ணெய் விடவே கூடாது. அந்தக் காது சரியாகக் கேளாவிட்டால் வாய்க்குப் பேச்சு எங்கிருந்து வரும்? லயத்தைத் திருத்தாத கம்பனிக்கும் பிள்ளையின் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

“தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை, சம்பளத்தைப் பேசுங்கள்” என்பார்கள். சம்பளத்தைத்தான் பேசுகிறோம். 1,000 ரூபாய்க்கு வருடக்கணக்கில் கத்தி 2021 மார்ச்சில் அது சம்பளச் சபை வழியாக வந்தது. ஆனால் பொரளைக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ ஒரு முறை போய்வர, தூரத் தோட்டத்துத் தாய்க்கு இரண்டு பேர் போகிறது. பஸ் காசு வேறு. பேச்சுச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை, தவணை தவணையாகப் போக வேண்டும். மூன்றாவது தவணைக்குள் எத்தனை தாய்மார் நின்றுவிடுகிறார்கள்! கர்ப்பிணிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க 1939இலேயே மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. அன்றும் இது வீட்டு விஷயம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆகவே கம்பனிகளிடம் கேட்கிறோம். பிள்ளையின் விருத்திப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கிளினிக் துண்டு காட்டினால் அன்றைய பேர் விழ வேண்டும், தாய்க்கானாலும் தகப்பனுக்கானாலும். சுகாதார அமைச்சிடம் கேட்கிறோம். 18 மாத ஊசி நாளில் ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும் கேட்டறிதல் கட்டாயமாக வேண்டும். இந்தியாவின் உதவியோடு 150 கட்டில்களுடன் 2017 மே மாதம் திறந்த டிக்கோயா ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குத் தமிழ் பேசும் சிகிச்சையாளர் குறித்த நாட்களில் தவறாமல் வர வேண்டும், காது பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். இந்தத் துறைக்குப் படிப்பு ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோரே, டொக்டர் கனவோடு இதையும் விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் மொழியில் பேசும் சிகிச்சையாளர் வெள்ளவத்தையிலிருந்து மலையேறி வருவார் என்று எவ்வளவு காலம் காத்திருப்பது?

அதுவரை கிளினிக் நாளில் கொப்பியை நீட்டும்போது எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். “மிஸ், பிள்ளைக்கு இரண்டு வயசு, இன்னும் பேச்சு வரல்ல, காதையும் பேச்சையும் பார்க்க ஒரு கடிதம் தாங்க” என்று கேளுங்கள். கடிதம் தர மறுத்தால் எந்தத் தேதி, எந்தக் கிளினிக், என்ன பதில் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். மாவட்டச் சுகாதார அதிகாரியிடம் நாம் போகும்போது அந்தத் தாள்களோடுதான் போவோம்.