படகுக்குப் பணம் உண்டு, மாலுமிக்கு?

கடலே இல்லாத மௌலா அலியில் இருந்துகொண்டு துறைமுகக் காவலைப் பற்றித் தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். சனத்நகர் முனையத்தில் இறங்கும் சரக்குப் பெட்டகங்கள் ஏதோ ஒரு துறைமுகத்தைக் கடந்துதான் வருகின்றன. நம்மில் பலரின் சொந்தபந்தம் நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் அலையோடு வாழ்கிறது. செலவாவதும் நம் வரிப்பணம். கேள்வி கேட்க இவ்வளவு உரிமை போதும்.

மத்திய அரசு 2005 ஜனவரியில் கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. காவல் நிலையங்கள் 73, சோதனைச் சாவடிகள் 97, படகுகள் 204, ஜீப்புகள் 153 என்று பட்டியல் நீண்டது. இவற்றுக்கு ரூ.400 கோடி. எரிபொருள், பழுதுபார்ப்பு, பயிற்சிக்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.151 கோடி. ஒவ்வொரு நிலையத்துக்கும் மேசை நாற்காலி, கணினி, கருவிகள் வாங்க ரூ.10 லட்சம். இவை அனுமதிக்கப்பட்ட செலவுகள். காவலர்களின் சம்பளம் இப்பட்டியலில் இல்லை. ஆட்களை மாநில அரசுதான் தர வேண்டும்.

நடந்தது என்ன? 2008 நவம்பர் 26 அன்று பத்துப் பயங்கரவாதிகள் கடல்வழியே மும்பைக்குள் புகுந்து 166 உயிர்களைப் பறித்தார்கள். அவர்கள் கைப்பற்றி வந்தது ‘குபேர்’ என்னும் இந்திய மீன்பிடிப் படகு. முதலில் பலியானவர்கள் அதிலிருந்த ஏழை மீனவர்களே! திட்டம் வந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ரோந்துப் படகுகள் வரத் தொடங்கியது 2009-ல்தான். கஜானாவில் இருந்த பணம் கரையைக் காக்கவில்லை.

2011 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ரூ.1,579.91 கோடியில் ரூ.425 கோடி மட்டுமே தொடர் செலவுக்கு. முதல் கட்டத்திலும் இதே விகிதம்தான்: நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2020 மார்ச்சில் அந்தக் கட்டமும் முடிந்தது. மானியத்துக்குக் காலக்கெடு உண்டு. படகு எஞ்சினின் பசிக்கு உண்டா? கட்டடமும் படகும் கொடுத்தவர்கள் விலகிக்கொள்ள, டீசலும் சம்பளமும் பழுதும் மாநிலத்தின் தலையில் விழுகின்றன. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை. அது தேசத்தின் எல்லை இல்லையா?

பெரிய துறைமுகங்களின் கதை வேறு. சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. அதற்கான செலவைத் துறைமுகங்களே தம் வருமானத்திலிருந்து கட்டுகின்றன. வருமானமில்லாத சிறு துறைமுகங்களும் மீன்பிடித் துறைமுகங்களும் யாரிடம் போகும்? மானியம் மிகவும் தேவைப்படும் இடம் அதுதான்.

அமெரிக்காவும் 2001 தாக்குதலுக்குப் பின் துறைமுகப் பாதுகாப்பு மானியம் வழங்கிவருகிறது. கேமரா, வேலி, படகு, பயிற்சி, ஒத்திகை ஆகியவற்றுக்குச் செலவிடலாம். வழக்கமான ஊழியர் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. பொதுவாகச் செலவில் நான்கில் ஒரு பங்கைப் பெறுபவர் போட வேண்டும். எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்பதை விதிகளாக அச்சிட்டு எவரும் படிக்கத் தருகிறார்கள். அந்நாட்டின் கொள்கைகள் எத்தனையோ நமக்கு உடன்பாடற்றவை. ஆனால் கணக்கைத் திறந்து வைக்கும் இந்தப் பழக்கத்தை இரவல் வாங்குவதில் இழுக்கில்லை.

சம்பளத்துக்குப் பணம் கொடுத்தால் மாநிலங்கள் பழைய செலவை அதில் கரைத்துவிடும் என்பது டெல்லியின் அச்சம். நியாயமான அச்சமே. அதற்கு மருந்து தணிக்கை, கதவடைப்பு அல்ல. கடலில் ஓடிய ஒவ்வொரு ரோந்து மணிக்கும் பணம் என்று விதி செய்யட்டும். ஓடாத படகுக்குக் காசில்லை என்று சொல்லட்டும்.

மீனவனையும் மறக்கலாகாது. கடலில் அந்நியப் படகை முதலில் காணும் கண் அவனுடையது. 2024-ல் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குத் தகவல் கருவி பொருத்த ரூ.364 கோடித் திட்டம் மீன்வளத் துறை வழியே தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் பாதுகாப்பு மானியத்திலும் மீனவனுக்கு நிரந்தரப் பங்கு வேண்டும்: கருவியின் பராமரிப்பு, பயிற்சி, தகவல் தருவதற்காக இழந்த நாட்கூலி. அவனைச் சந்தேகத்தோடு சோதிக்க மட்டும் பணம் ஒதுக்கும் அரசு, அவன் ஒத்துழைப்பை எந்தக் கடையில் வாங்கும்?

நம் கோரிக்கைகள் மூன்று. தொடர் செலவும் பயிற்சி பெற்ற கடலோடிகளின் சம்பளமும் அனுமதிக்கப்பட்ட செலவாக வேண்டும். சிறு துறைமுகங்களுக்கும் மீனவர்களுக்கும் தனிப் பங்கு வேண்டும். மாவட்டவாரியாகச் செலவுக் கணக்கு மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

படகு வாங்குவது ஒருநாள் விழா. காவல் காப்பது அன்றாட வேலை. விழாவுக்குப் பணம் தரும் டெல்லி, வேலைக்கும் தரட்டும்!