மேடும் பள்ளமும்

சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலையும் காற்றையும் பற்றிப் படிக்கும் மாணாக்கர்களிடத்தில் நமக்கு அபிமானம் அதிகம். பருவநிலை கெட்டுவரும் இக்காலத்தில், இளைஞர்கள் ஆராய்ச்சியில் தேர்ச்சி பெறுவதோடு, பருவநிலை நீதிக்கான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கவும் முன்வருவதைக் கண்டு மகிழ்கிறோம். ஆயினும் அத்தலைமை மகாநாட்டு மேடைகளில் விளைவதென்று நாம் கருதவில்லை.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அதன் பின் அண்ணாமலை சர்வகலாசாலைப் பேராசிரியர் கதிரேசனும் அவர் சகாவான ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையிலுள்ள 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். கரையில் மரஞ்செடிகள் அடர்ந்த இடங்களிலும், வீடுகள் கடலுக்குத் தூரத்திலும் மேட்டிலும் அமைந்த இடங்களிலும் உயிர்ச் சேதமும் பொருட் சேதமும் குறைவென்று கண்டார்கள். அடுத்த வருஷமே வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் அதே கணக்கை எடுத்துக்கொண்டு ஆட்சேபித்தார்கள். பெரும்பாலும் காத்தவை தூரமும் மேடுமே, மரங்களின் பங்கு சொற்பம் என்பது அவர்கள் வாதம்.

எந்தக் கட்சி ஜயித்ததென்பது இங்கே முக்கியமன்று. எதிர்க்கட்சியின் வாதத்திலிருந்தே தமக்குச் சாட்சியம் தேடுவது வக்கீல்களின் பழக்கம். மேடே உயிரைக் காத்ததென்றால், பள்ளத்தில் குடியிருந்தவர் யார்? அவர்களை அங்கே இருத்தியது எது? மீனவர் தொழிலின் பொருட்டுக் கடலருகே வாழ்வது இயல்பு. பிச்சாவரத்துக் கழிகளில் கையாலேயே இறால் தடவிப் பிழைக்கும் இருளரின் கதை வேறு. நிலமற்றவர்களுக்கு மேடேது? கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவது அவர்கள் அடுப்பு. ஆகாயத்தில் கரியமில வாயுவை ஏற்றியதில் அவர்கள் பங்கோ அணுவளவு. மேட்டை அளக்கக் கற்ற மாணாக்கர், அந்த மேடு யாருடையது என்றும் விசாரிக்க வேண்டாமா?

கடலூர் சிப்காட் பேட்டையை அடுத்த கிராமவாசிகள் இதே பாதையில் எதிர்ப்புறத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அநியாயம் மூக்கிலேயே தெரிந்திருந்தது, இல்லாதது ருசு. 2004-ல் சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாறும் காற்றை அதில் பிடித்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். நாற்றம் எந்நேரத்தில், எந்தத் திசைக் காற்றில் வந்ததென்று குறித்து வைத்தார்கள். புற்றுநோய் விளைவிக்கக்கூடிய ரசாயனங்களும் அக்காற்றில் இருந்தமை வெளிப்பட்டது. இதற்குப் பட்டமொன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே சர்வகலாசாலை அதிகாரிகளுக்கு நமது யோசனை இது. கடலூர் ஜில்லாவின் நீரையும் காற்றையும் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் தமிழில் ஒரு சுருக்கம் கட்டாயமாக்கப்படட்டும். மாணாக்கர் பட்டம் பெறுமுன் அதைக் கிள்ளையிலோ குடிகாட்டிலோ ஜனங்கள் முன் வாசித்து, அவர்கள் கேட்பவற்றுக்குப் பதில் சொல்லட்டும். பரீட்சகர்கள் கேளாத கேள்விகளை அவர்கள் கேட்கக்கூடும்.