பாட்டு மறந்தால் ஊரும் மறக்கும்

ஊரைப் பிரிந்தவன் உள்ளம் எதனால் உருகும்? உறவினரின் கடிதத்தால் உருகலாம்; பழைய நிழற்படத்தால் உருகலாம். ஆயினும் சிறுவயதிற் கேட்ட பாட்டொன்று உருக்குவதுபோல் வேறெதுவும் உருக்குவதில்லை. ரொறன்ரோவிற் கணக்காளராய் இருப்பவரும், லண்டனில் மருத்துவராய் இருப்பவரும், பாரிஸ் நகரத்து உணவகமொன்றின் சமையற்கட்டில் நின்று உழைப்பவரும் இதனை நன்கறிவர். அந்தப் பாட்டுக் காதில் விழுந்த கணத்தில் பனி மூடிய தெரு மறைகின்றது. செம்மண் ஒழுங்கையும், கிடுகு வேலியும், கிணற்றடித் துலாவும் கண்முன் வந்து நிற்கின்றன. பட்டமும் பதவியும் எங்கோ ஒதுங்கிப்போக, ஆச்சியின் மடியிலிருந்த பிள்ளையே மீண்டும் எஞ்சுகின்றது.

இதனை வெறும் மனமயக்கம் என்று ஒதுக்குவோர் உளர். தமிழனுக்கு இன்று வேண்டுவது ஆக்கவேலை; அழுகையன்று என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை நாம் இகழவில்லை. ஆனால் பாட்டினால் எழும் ஊர்நினைவு கண்ணீரோடு முடிந்துபோகும் சிறு பொருளா? நாளைய தலைமுறை நம் ஊரைத் தன் ஊர் என்று சொல்லுமா, சொல்லாதா என்ற கேள்வியே அதற்குள் அடங்கியிருக்கின்றது.

ஊர்ப்பிரிவின் ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதி, அதற்குப் பெயர் சூட்டியவர் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற யொகானஸ் ஹோபர் என்பவர். 1688 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில், வீடு திரும்புதல், வேதனை என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘நொஸ்டால்ஜியா’ என்ற சொல்லை அவர் ஆக்கினார். பிற்காலத்தில், அயல்நாட்டு மன்னரின் படைகளிற் கூலிக்குப் போர்புரிந்த சுவிஸ் வீரர்களைப்பற்றி ஒரு செய்தி பரவிற்று. தம் மலைநாட்டில் மாடு மேய்ப்போர் பாடும் பாட்டைக் கேட்டால் அவ்வீரர் அழுவராம். படையை விட்டு ஓடுவராம். ஏங்கி இறந்தும் போவராம். ஆகையால் அதனைப் படையிடையே பாடுவோர்க்கு மரணதண்டனை என்று விதித்திருந்தனராம்.

1768 இல் வெளிவந்த தம் இசை அகராதியில் ரூசோ இச்செய்தியை எடுத்துக்கூறி, நுட்பமான விளக்கமொன்றும் தந்தார். அந்த மெட்டிலே தனியான மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. அயலார் கேட்டால் அவர்கள் மனம் அசைவதில்லை. கேட்பவனுடைய இளமையும் பழக்கமும் பழைய வாழ்வுமே அப்பாட்டின்வழி எழுந்து வந்து அவனை வருத்துகின்றன என்றார் அவர்.

அந்தச் சுவிற்சர்லாந்திலே இன்று ஈழத் தமிழர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். ரூசோவின் விளக்கம் அவர்களுக்கும், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நமக்கும் ஓர் எச்சரிக்கையாகும். அயலானை அசைக்காத பாட்டு, இளமையிற் கேளாத நம் பிள்ளையையும் அசைக்கப்போவதில்லை. பெற்றோர் கண்கலங்கிக் கேட்கும் பாட்டை, பிள்ளை விளங்காமற் பார்த்துக்கொண்டிருக்கும். நம் பாட்டுக்கு நம் பிள்ளையே அயலான் ஆகிவிட்ட பின்னர், ஊர்மேற் பற்றுக்கொள் என்று அதற்கு அறிவுரை கூறுவதாற் பயன் யாது?

எடுத்துக்காட்டாக ஒரு பாட்டையே கொள்வோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாத யாழ்ப்பாணத்தார் மிகச் சிலரே. 1878 இற் பிறந்து 1953 இல் மறைந்த அப்பெரியாரைத் ‘தங்கத் தாத்தா’ என்று நாடு அழைத்தது. அவர் பாடியது அரசர் புகழை அன்று; ஒரு விடுமுறை நாளையும், கூழையும், கொழுக்கட்டையையும், அவற்றுக்காகக் காத்திருக்கும் சிறுவரின் மகிழ்ச்சியையுமே பாடினார். அரிசிமாவும் பயறும் பனங்கட்டியும் தேங்காயும் ஒன்றாய்க் கொதிக்கும் மணம், பலாவிலையைக் கோலிக் கூழை ஏந்திக் குடித்த இன்பம், அம்மாவைச் சூழ்ந்து நின்ற கூட்டம், இவையெல்லாம் அப்பாட்டோடு கூடவே வருகின்றன. தேம்ஸ் நதிக்கரையில் வாழும் எழுபது வயதினரும் அதனை இன்று தடங்கலின்றிப் பாடுவர். முதுமையில் நினைவு மங்கி மக்களின் பெயரை மறந்தவர்கூட, இளமைப் பாட்டைக் கேட்டதும் உடன்சேர்ந்து பாடுவதை மருத்துவர் பலர் கண்டிருக்கின்றனர்.

ஆடிப்பிறப்பு வருவது யூலை மாதத்தின் நடுப்பகுதியில். அந்த யூலை நமக்கு வேறொன்றையும் நினைவூட்டுகின்றது. 1983 யூலையின் பிற்பகுதியிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் மாண்டன, அதன்பின் நம்மவர் பெருந்தொகையாக நாட்டை விட்டு நீங்கினர். புலவர் பிறந்த நவாலியிலேயே, 1995 யூலை 9 ஆம் நாள், புனித பேதுருவானவர் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது வானிலிருந்து குண்டு வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூழ்ப்பாட்டுப் பிறந்த ஊரிலே, கூழ் காய்ச்சும் நாளுக்குச் சில நாள் முன்னர், பிணங்களைச் சுமந்தோம். இந்நாள்களை நாம் மறப்பதற்கில்லை, மறக்கவும் கூடாது.

அயல்நாட்டுத் தமிழர் ஆண்டுதோறும் யூலையில் விளக்கேற்றி அழிவை நினைவுகூர்கின்றனர். அது கடமை. ஆனால் அங்கு பிறந்த பிள்ளைக்கு யூலை என்றால் தீ மட்டுமே, ஊர் என்றால் இழவு மட்டுமே என்று ஆகிவிடுதல் தகுமா? எரிந்தது எத்தகைய வாழ்வு என்பதை அறியாதவனுக்கு எரிந்ததன் பெறுமதி எங்ஙனம் விளங்கும்? விளக்கேற்றும் கைகளுக்குக் கூழ்ப்பானையின் சூடும் தெரியவேண்டும். அழிவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, ஊரை ஒரு கல்லறையாகவே எண்ணும். கல்லறைக்கு மலர் வைக்க வருவோர் உளர். குடியிருக்க வருவோர் எவர்?

இது கடல்கடந்தோர்க்கு மட்டும் உரிய கவலையன்று. ஊரிலே இருக்கும் நமக்கும் பாட்டுக் கைநழுவிக்கொண்டிருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தவர்கள் பாடிக்கொண்டே இறைத்தனர். மட்டக்களப்புக் களங்களிலே சூடு மிதிக்கும்போது பொலிப்பாட்டு ஒலித்தது. வன்னி வயல்களிலே அருவி வெட்டுவோர் பாட்டொலி ஊரெல்லாம் கேட்டது. நீர் இறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தன, தோள் நோவு குறைந்தது, பாட்டும் நின்றது. பாட்டுக்காகப் பழைய வருத்தத்தை மீண்டும் சுமக்குமாறு எந்த விவசாயியையும் கேட்பதற்கில்லை. ஆயினும் அவர்களின் தொழிலை இயந்திரம் வாங்கிக்கொண்டதென்பதற்காக, அவர்களின் பாட்டையும் மண்ணுக்குட் புதைக்க வேண்டுமா? அவற்றை ஆக்கியோர் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே முதுசொம் அப்பாடல்களே.

முன்னோர் சிலர் இதனை உணர்ந்து உழைத்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்களை நூல்வடிவிற் காத்துத் தந்தார். ஆயினும் அச்சிலே சொல் மட்டுமே நிற்கும், மெட்டு நில்லாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, ஓரிடத்திற் சேர்த்து வைத்த செல்வம் ஓரிரவிற் சாம்பலாகும் என்பதையும் கண்டோம். பல நாவுகளில் வாழும் பாட்டையோ எந்தத் தீயும் ஒருசேர எரித்துவிட முடியாது.

ஆகவே செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஒவ்வொருவர் கையிலும் இன்று தொலைபேசி இருக்கின்றது. குரலைப் பதிந்து வைக்கும் கருவியும் அதுவே. ஊரில் உள்ள இளைஞர், எண்பது கடந்த முதியோரைத் தேடிச்சென்று அவர்களின் பாட்டைப் பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றையும் அவர்களின் இசைவோடு குறித்துக்கொள்க. அயல்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகள், ஆடிப்பிறப்பைப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கமாக விட்டுவிடாமற் கூழ் காய்ச்சிப் பிள்ளைகளைப் பாடவைக்கட்டும். பேரப்பிள்ளையோடு தொலைபேசியிற் பேசும் ஆச்சிமார் சுகம் விசாரித்ததோடு நிறுத்தாது ஒரு பாட்டும் பாடட்டும். பிள்ளைக்குப் பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் கேடில்லை. நாமும் பொருள் விளங்கியா பாடத் தொடங்கினோம்?

சுவிஸ் படைத்தலைவர்கள் ஒரு மாட்டுப்பாட்டுக்கு அஞ்சினர் என்றால், ஊரோடு மனிதனைக் கட்டும் கயிறு அதுவே என்று அறிந்தமையால் அஞ்சினர். நம் கையிலும் அக்கயிறு இருக்கின்றது. வரும் ஆடி முதல் நாளிலே பேர்ண் நகரத்து வீடொன்றிலும் நவாலியூர் வீடொன்றிலும் ஒரே பாட்டு ஒலிக்குமானால், இடையே கிடக்கும் கடல் அத்தனை பெரிதன்று.