உங்களுக்கு ஒரு இன்ஜினீயர் மாமா இருக்காரா?

தலைப்பைப் பார்த்துட்டு சம்பந்தம் பேசுற மேட்டர்னு நினைச்சுடாதீங்க. இது உங்க கேரியர் மேட்டர்!

உங்க கிளாஸையே எடுத்துக்கோங்க. ஒரு ஃப்ரெண்டுக்கு மாமாவோ சித்தப்பாவோ ஏற்கெனவே இன்ஜினீயர். எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும், இன்டர்ன்ஷிப்புக்கு யாருக்கு மெயில் போடணும், கோர் கம்பெனி இன்டர்வியூல என்ன கேப்பாங்க... எல்லாம் வீட்டு ஹால்லயே கிடைச்சுடும். பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்ட், குடும்பத்துலயே முதல் பட்டதாரி. அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்குக் காட்டு வேலை. 'நல்லா படி கண்ணு'ங்கிறதுக்கு மேல வீட்டுல யாருக்கும் சொல்லத் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தான். ஆனா, முதல் ஆளுக்குக் காதுல விழுற தகவல் ரெண்டாவது ஆளுக்கு விழறதில்லை.

அந்த ரெண்டாவது ஆளுக்காகத்தான் இந்த வார மேட்டர். மாமா இல்லாதவங்களுக்கு மாமா கிடைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அதுதான் ப்ரொஃபஷனல் அசோசியேஷன்!

'அட, ஃபர்ஸ்ட் இயர்ல காசு வாங்கிட்டு ஒரு கார்டு கொடுத்தாங்களே, அதுவா?'ன்னு கேக்குறீங்களா? அதேதான். பஸ் பாஸுக்குப் பின்னாடி தூங்கிட்டு இருக்கே, அந்தக் கார்டை எழுப்புவோம்.

யாருக்கு எது?

எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்கு ஐ-ட்ரிபிள்-இ. 1884-லயும் 1912-லயும் அமெரிக்காவுல தொடங்கின ரெண்டு அமைப்புகள் 1963-ல இணைஞ்சு உருவானது. நம்ம ஊருக்குன்னே 'மெட்ராஸ் செக்‌ஷன்' இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு, 1965-ல பிறந்த கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா. சுருக்கமா சி.எஸ்.ஐ. (சர்ச் இல்லீங்க!) மெக்கானிக்கல், ஆட்டோமொபைலுக்கு எஸ்.ஏ.இ. இந்தியா. சிவிலுக்கு, சென்னையைத் தலைமையிடமா வெச்சு 1982-ல தொடங்கின இந்தியன் கான்க்ரீட் இன்ஸ்டிட்யூட்.

எல்லா பிராஞ்சுக்கும் பொதுவானது இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸ். தலைமையகம் கொல்கத்தாவுல இருந்தாலும், 1920-ல பதிவானது நம்ம மெட்ராஸ்லதான்! டிப்ளமோவோட வேலைக்குப் போன எத்தனையோ பேர், ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரியில படிச்சு, இந்த அமைப்போட ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதி இன்ஜினீயர் ஆனாங்க. 2013 மே 31-க்குள்ள சேர்ந்தவங்களுக்குத்தான் அது டிகிரிக்குச் சமம்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. அதனால பழைய கதையைக் கேட்டு அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சுக்கோங்க.

உள்ளே போனா என்ன கிடைக்கும்?

'பாஹா' கேள்விப்பட்டிருப்பீங்க. எஸ்.ஏ.இ. இந்தியா 2007-ல ஆரம்பிச்ச போட்டி. ஒருத்தர் உட்கார்ந்து காடு மேடெல்லாம் ஓட்டுற வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டு பண்ணி, கொண்டுபோய் நிறுத்தணும். பிரேக் போட்டா நாலு சக்கரமும் லாக் ஆகணும். ஏன் இந்த பைப், இதுக்கு எவ்வளவு செலவுன்னு கேள்வி மேல கேள்வி வரும். கேக்குறவங்க கம்பெனிகள்ல வேலை பார்க்குற இன்ஜினீயர்கள். பொய் சொன்னா அங்கேயே பிடிச்சுடுவாங்க! கடைசியா நாலு மணி நேர எண்டூரன்ஸ் ரேஸ். இதுல ஒரு தடவை அடிபட்டு வந்தவங்களுக்கு, இன்டர்வியூ அறை சும்மா ஜுஜுபி.

கோடிங் பார்ட்டிகளுக்கு, 2006-ல இருந்து நடக்குற 'ஐ-ட்ரிபிள்-இ எக்ஸ்ட்ரீம்'. மூணு பேர் வரைக்கும் ஒரு டீம். நம்ம நேரப்படி விடியற்காலை அஞ்சரைக்கு ஆரம்பிச்சு, மறுநாள் அஞ்சரை வரைக்கும் 24 மணி நேரம், உலகம் முழுக்க ஒரே சமயத்துல. ஹாஸ்டல் வார்டனுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க!

ஒரு ரகசியம் சொல்லட்டா?

இதெல்லாத்தையும்விட பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. கெஸ்ட் லெக்சர் நடக்கும்போது சீஃப் கெஸ்ட்டை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வர்ற டியூட்டியை யாரும் ஏத்துக்க மாட்டாங்க. நீங்க கேட்டு வாங்குங்க. ஊருக்கு வெளியே இருக்குற காலேஜ்னா முக்கால் மணி நேர கார் பயணம். இருபது வருஷம் ஃபீல்டுல இருந்தவர் பக்கத்துல, நீங்க மட்டும்! 'சார், எங்க சிலபஸ்ல இல்லாதது எது உங்க வேலையில தினமும் தேவைப்படுது?'ன்னு கேளுங்க. மேடையில சொல்லாததையெல்லாம் கார்ல சொல்லுவார். மறுநாள் ஒரு நன்றி மெயில். ஆறு மாசம் கழிச்சு, அவர் சொன்னதுல நீங்க எதைச் செஞ்சீங்கன்னு இன்னொரு மெயில். மாமா ரெடி!

செக்ரட்டரி, ட்ரெஷரர் மாதிரி பொறுப்பு கிடைச்சா விடாதீங்க. ஹால் பர்மிஷன் வாங்குறது, ஸ்பான்சரைத் தேடுறது, பில்லை வெச்சுக் கணக்கு ஒப்படைக்கிறது... எந்த லேப்லயும் சொல்லித் தராத பாடங்கள்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி...

வீட்டுல கஷ்டப்பட்டு அனுப்புற பணம். அதனால சீனியர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. போன வருஷம் என்னென்ன நடந்துச்சு? அதுல வெளியில இருந்து வந்தவங்க யாரு? பொறுப்புகளை மாணவர்கள் பார்க்குறாங்களா, ஸ்டாஃப் மட்டுமா? மூணுக்கும் பதில் 'ஹி ஹி'ன்னு வந்தா, யோசிச்சு முடிவெடுங்க.

நாலு அசோசியேஷன்ல சேர்ந்து ரெஸ்யூமை நிரப்ப வேண்டாம். 'அங்க நீங்க என்ன செஞ்சீங்க?'ன்னு இன்டர்வியூல ஒரு கேள்வி வந்தா நாலும் காலி. ஒண்ணு போதும், அதுல உருப்படியா இறங்குங்க. உங்க காலேஜ்ல கிளையே இல்லையா? தனியாவும் மெம்பர் ஆகலாம். ஒரு கட்டணமும் கட்டாம, உங்க பக்கத்து நகரத்துல நடக்குற பொதுக் கூட்டத்துக்கு முதல்ல போய்ப் பாருங்க. பின் வரிசையில உட்கார்ந்து, டீ பிரேக்ல ஒருத்தர்கிட்டயாவது பேசிட்டு வாங்க.

சேர்ந்தா வேலை கிடைச்சுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. படிப்பும் உழைப்பும் உங்களோடது. கதவு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்ட ஒரு ஆள் கிடைப்பார், அவ்வளவுதான். வீட்டுல முதல் ஆளா காலேஜ் வாசலை மிதிச்சவங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் இன்னொண்ணு... நாளைக்கு உங்க ஊர்ல இருந்து ஒரு ஜூனியர், 'அண்ணா, அக்கா'ன்னு உங்களுக்கு மெயில் போடுவாங்க. மறக்காம பதில் போடுங்க!