விளையாட்டுப் பெட்டியும் ஸ்ரீசிட்டியின் கைகளும்

சோனி நிறுவனத்தின் ‘பிளேஸ்டேஷன் 5’ வீடியோ விளையாட்டுச் சாதனம் 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியச் சந்தைக்கு வந்தது. விலை 49,990 ரூபாய். ஜனவரி 12 அன்று முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரிக்கும் ‘அன்பாக்சிங்’ காணொளிகள் சமூக ஊடகங்களில் குவிந்தன. சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு இந்த விலை சில மாதங்களின் கூலி. அவருடைய பிள்ளைகளுக்கு எட்டுவது அந்தச் சாதனமன்று. பிறர் வீட்டில் அது பிரிக்கப்படும் காட்சி மட்டுமே.

இக்காணொளிகளுக்கு ஒரு மாறா முறை உண்டு. முத்திரை கிழிக்கப்படுகிறது, சாதனம் வெளியே எடுக்கப்படுகிறது, கையில் பிடிக்கும் விசைக்கருவி, கம்பிகள் ஒவ்வொன்றாக மேசையில் வைக்கப்படுகின்றன. இவற்றைச் செய்து அடுக்கிய மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை. மனித உழைப்பின் உறவுகள் பொருள்களின் இயல்பான குணங்களைப் போலத் தோற்றமளிப்பதை, 1867-இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்திலேயே மார்க்ஸ் விளக்கினார். பண்ட மாயை என்று அவர் சுட்டியதை இன்று வரவேற்பறையில் காணலாம்.

பெட்டிக்குள் மறைந்திருப்பவர்கள் யார்? சோனியின் சாதனங்களை ஒருங்கிணைத்துத் தரும் ஒப்பந்த நிறுவனங்களுள் முதன்மையானது தைவானின் ஃபாக்ஸ்கான். சீனாவின் யான்டாய் நகரிலுள்ள தன் ஆலையில் 14 முதல் 16 வயது வரையிலானவர்கள் ‘பயிற்சி மாணவர்’ என்ற பெயரில் வேலை செய்ததை 2012 அக்டோபரில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு, பிளேஸ்டேஷன் 4 விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன், அதே ஆலையில் கல்லூரி மாணவர்கள் விதிகளை மீறி இரவுப் பணியிலும் மிகைநேரப் பணியிலும் ஈடுபடுத்தப்பட்டதையும் ஒப்புக்கொண்டது.

அதே ஃபாக்ஸ்கான் குழுமம் 2015 முதல் சத்தியவேடு பகுதியின் ஸ்ரீசிட்டியில் கைபேசிகளைத் தயாரிக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்திலிருந்த இப்பகுதி, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஆலையில் பெரும்பாலோர் இளம்பெண்கள். திருப்பதி அருகே டிக்ஸன் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒருங்கிணைக்கிறது. ஆகவே, சாதனம் கடல் கடந்து வந்தாலும், அதைப் பொருத்தும் தொலைக்காட்சியும், பிரிப்பதைப் படம்பிடிக்கும் கைபேசியும் இவ்வட்டாரப் பெண்களின் கைகளில் உருவானவையாக இருக்கக்கூடும்.

இவ்வுழைப்பின் மீது அரசுகள் காட்டும் அக்கறை என்ன? மின்னணுத் துறைக்கென 2020-இல் ஒன்றிய அரசு அறிவித்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் ஒதுக்கீடு 40,951 கோடி ரூபாய். கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 விழுக்காடு வரை நிறுவனங்களுக்குப் பொதுப்பணம் வழங்கப்படுகிறது. அதைப் பெறுவதற்கான அளவுகோல் முதலீடும் விற்பனையும்தான். நிரந்தர வேலையோ நியாயமான ஊதியமோ நிபந்தனையாக வைக்கப்படவில்லை. ஆந்திரத்தின் தெலுங்கு தேசக் கூட்டணி அரசோ, நாளொன்றுக்கு 9 மணி நேரமாக இருந்த வேலைநேர வரம்பை 10 ஆக உயர்த்த 2025 ஜூனில் முடிவெடுத்தது. மூன்று மாதத்துக்கு 75 மணி நேரமாக இருந்த மிகைநேர வரம்பு 144 ஆகிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. முதலீட்டை வரவேற்கும் கம்பளம் தொழிலாளியின் உறக்கத்தை உரித்து நெய்யப்படுகிறது.

எல்லைக்கு இப்பால் உள்ள திருப்பெரும்புதூரின் அனுபவம் இங்கே பாடமாக வேண்டும். வரிச்சலுகைகளை அனுபவித்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியில் கெட்டுப்போன உணவால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சிஐடியு வழிகாட்டிய அத்தொழிற்சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. மின்னணு ஆலைகளில் சங்கம் சாத்தியமில்லை என்ற வாதத்தை அத்தொழிலாளர்கள் பொய்யாக்கினர்.

விளையாட்டை விரும்பும் இளைஞரைக் கடிந்துகொள்வது இடதுசாரி இயக்கத்தின் வேலையன்று. ஓய்வும் விளையாட்டும் எட்டு மணி நேர வேலைநாள் கோரிக்கையின் உள்ளடக்கமே. பத்து மணி நேரம் நின்று உழைத்து விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்த ஓய்வு மறுக்கப்படுகிறது என்பதைத்தான் இளைஞர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். 1960-இல் மாநில எல்லை திருத்தப்பட்டபோது சத்தியவேடு ஆந்திரத்துடன் இணைந்தது. அவ்வட்டாரத்தில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. எனவே துண்டறிக்கைகளும் விடுதிச் சந்திப்புகளும் இரு மொழிகளிலும் அமைய வேண்டும்; திருவள்ளூர், திருப்பதி மாவட்டத் தோழர்கள் இணைந்து செயல்பட வேண்டும். எட்டு மணி நேர வேலை, ஒப்பந்த முறை ஒழிப்பு, பாதுகாப்பான விடுதி, சங்க உரிமை ஆகிய நான்கு கோரிக்கைகளும் ஸ்ரீசிட்டியின் வாயிலுக்குச் சென்றாக வேண்டும்.