முப்பது விழுக்காடு யாருக்கு?

2024 ஜூனில் கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் வளாகத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் முதல் மலேசியக் கடையைத் திறந்தது. நண்பர்களோடு நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், மாணவர் கையில் அவ்வளவு வெள்ளி ஏது?

இந்தியாவில் அதே நிறுவனத்தின் முதல் கடை 2023 ஏப்ரலில்தான் மும்பையில் திறந்தது. தாமதத்திற்கு ஒரு விதிமுறையும் காரணம். ஒரே வணிகச் சின்னத்தின் பொருள்களை விற்கும் கடைகளில் அந்நியர் முழு முதலீடு செய்யலாம் என்று 2012 ஜனவரியில் இந்திய அரசு அனுமதித்தது. ஆனால், 51 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர், விற்கும் பொருள்களின் மதிப்பில் 30 விழுக்காட்டை உள்நாட்டுச் சிறுதொழில்கள், குடிசைத் தொழில்கள், கைவினைஞர்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது.

நல்ல விதி என்றே நான் சொல்வேன். கைப்பேசியைக் குடிசையில் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால், கம்பளமும் கூடையும் மெத்தை உறையும் செய்யலாமே! இகியா 2018இல் ஹைதராபாத்தில் கடை திறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்தியாவிலிருந்து இத்தகைய பொருள்களை வாங்கிக்கொண்டிருந்தது.

விதியில் ஓட்டை இருந்தது உண்மை. இயந்திரங்களில் பத்து லட்சம் அமெரிக்க டாலருக்குமேல் முதலீடு போனால் அந்தத் தொழிற்சாலை ‘சிறியது’ என்ற தகுதியை இழந்துவிடும். வளர்ந்தவனுக்குத் தண்டனை! அதைத் திருத்தியிருக்கலாம். அதற்குப் பதில், அதே ஆண்டு செப்டம்பரில் சிறுதொழில்களிடம் வாங்குவது கட்டாயம் என்பது போய், ‘முன்னுரிமை’ என்று ஆனது. 2019இல் ஏற்றுமதிக்காக வாங்குவதும் கணக்கில் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ஒப்பந்த நிறுவனம் பூட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஐபோன்களும் இன்று அந்த 30 விழுக்காட்டை நிரப்ப உதவலாம்.

அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறதே என்பார்கள். அந்தச் சம்பளத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் அம்மா பத்தொன்பது ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்துத்தான் என்னைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினார். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, “அங்க ஓ.டி. குடுக்குறாங்களா?” என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், பத்தொன்பது ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு திருகாணி செய்து விற்கும் பட்டறைகூட எங்கள் தாமானில் யாருக்கும் அமையவில்லை. 2012 விதி அப்படிப்பட்ட பட்டறைக்காரரைத்தான் நினைத்து எழுதப்பட்டது.

‘கட்டாயம்’ என்ற சொல்லை மீண்டும் எழுதுங்கள். சிறியவர் வளர்ந்து வரம்பைத் தாண்டினாலும், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அவரிடம் வாங்குவதையும் கணக்கில் சேருங்கள். கைப்பேசி போன்றவற்றுக்குத் தனி விதி இருக்கட்டும். கூடை பின்னுகிறவரை அதில் சேர்க்க வேண்டாம்.