எய்தவன் இருக்க அம்பை நோவதா?

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?” என்பது நம் நாட்டுப் பழமொழி. அதை அறியாதவர் இல்லை. ஆயினும் காரியம் என்று வரும்போது, கைக்கு எட்டிய அம்பைத்தான் நோகிறோம். எய்தவனைத் தேடிச் செல்ல நமக்குப் பொறுமை இருப்பதில்லை. இன்று கால் சென்டர்கள் பலவற்றில் நடப்பது இதுவே.

தில்லியில் பயிலும் நம் மாணவர் சிலர், மாலையானால் நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் வேலைக்குச் செல்வதை அறிவீர்கள். தமிழ்நாட்டிலிருந்து பேசும் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே விடை சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலைக்குத்தான். அவர்களுள் ஒரு நண்பருக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நண்பர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துபோகும். மறுமுனையில் இருந்தவர் மீண்டும் அழைத்து, “ஏன் தம்பி, பாதியிலே வைத்துவிட்டாய்?” என்று கடிந்துகொள்வார். ஒரு வாரம் இப்படியே கழிந்தது. வார முடிவில் மேற்பார்வையாளர் ஒரு பட்டியலை நீட்டினார். அரை நிமிடத்தில் முடிந்துபோன அழைப்புகள் அதில் வரிசையாக இருந்தன. வேலைக்குச் சோம்பி நண்பரே துண்டிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அம்மாத ஊக்கத்தொகை போயிற்று. எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. சர்வரைக் கவனிக்கும் பகுதியினரோ, அதை இருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, “எங்கள் பக்கம் பழுதில்லை” என்று கைகழுவினர்.

அந்தப் பட்டியலின் நேரக் கணக்கை நண்பர் என்னிடம் சொன்னபோது நான் திடுக்கிட்டேன். ஒவ்வோர் அழைப்பும் 32 விநாடியில் முடிந்திருந்தது. சோம்பேறி ஒருவன் துண்டித்தால், ஒருமுறை 10 விநாடி, மறுமுறை 50 விநாடி என்று சிதறியல்லவா இருக்கும்? கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டா ஒருவன் சோம்புவான்? 32 என்பது மனிதன் செய்த வேலை அன்று. இயந்திரம் செய்த வேலை.

அது எவ்வாறு என்பதைச் சற்று விளக்கவேண்டும். இணையத்தின் வழியே அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் ஒழுங்குமுறைக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர். 2002-ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 3261 என்னும் ஆவணமாக அது வரையறுக்கப்பட்டது. அதன்படி, அழைப்பு வந்ததும் சர்வர், ‘எடுத்துக்கொண்டேன்’ என்று செய்தி அனுப்பும். அது கிடைத்ததற்கு மறுபக்கம் ஒப்புதல் அனுப்பவேண்டும். பதிவுத் தபாலுக்கு ஒப்புதல் அட்டை வந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வராவிட்டால் சர்வர் அரை விநாடி கழித்து அதே செய்தியை மீண்டும் அனுப்பும். பிறகு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், 4 விநாடிக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கும். அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி ஆனதும், நம்பிக்கை இழந்து அழைப்பைத் துண்டித்துவிடும். பேச்சொலியோ ஆர்.டி.பி. என்னும் வேறொரு வழியில் செல்வது. ஆகவே, இருவரும் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுகிறது!

ஒப்புதல் ஏன் வருவதில்லை? அலுவலகத்துக்குள் சர்வருக்கு 192.168 என்று தொடங்குவது போன்ற உள்வீட்டு முகவரி ஒன்று உண்டு. வெளியுலகில் அதற்குப் பொருள் இல்லை. சர்வர் தான் அனுப்பும் செய்தியில் அந்த முகவரியையே எழுதிவிட்டால், ‘மாடியில் கிழக்கு அறை’ என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதத்தின் கதிதான் அந்த ஒப்புதலுக்கும். சில ரௌட்டர்களில் உள்ள எஸ்.ஐ.பி. உதவிப் பகுதி, முகவரியைத் திருத்த முற்பட்டுத் தவறாகத் திருத்திவிடுவதும் உண்டு. நண்பரின் அலுவலகத்தில் அந்த வாரத் தொடக்கத்தில்தான் ரௌட்டரை மாற்றியிருந்தார்கள். அவர் நேரங்களைக் குறித்து மனு எழுதிய பின், மூத்த பொறியாளர் ஒருவர் சர்வரின் பதிவைப் பார்த்தார். துண்டித்தது நண்பர் அல்லர், சர்வரே என்பது அதில் தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் பழுது நீங்கியது. எச்சரிக்கைக் கடிதம் மட்டும் இன்றும் கோப்பில் இருக்கிறது!

தோழர்களே, இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். பழுதின் காரணத்தைத் தேடுவது வெறும் தொழில்நுட்ப வேலை அன்று. அது நியாயம் வழங்கும் வேலை. காரணம் தெரியாத பழுது காற்றில் நிற்பதில்லை. அது யாரேனும் ஒரு மனிதன் தலையில் பழியாக இறங்கும். பெரும்பாலும் அமைப்பின் அடித்தட்டில் இருப்பவன் தலையில்தான் இறங்கும்.

“நிமிடத்துக்கு நிமிடம் நட்டம் ஏறும்போது ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? முதலில் சர்வரை அணைத்துப் போடு” என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சேவை நடக்கத்தான் வேண்டும். ஆனால் அணைப்பதற்கு முன் பதிவுகளைப் பிரதி எடுத்துவைக்க எத்தனை நேரம் ஆகும்? சில நிமிடம். அதைக்கூடச் செய்யாமல் அணைப்பது, நினைவகத்தில் இருந்த சாட்சியங்களைத் துடைத்துவிடுவதாகும். அந்நேரம் பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அனைவரையும் துண்டிப்பதுமாகும். நண்பரின் அலுவலகத்தில் இருமுறை அணைத்தும் பயன் விளையவில்லையே!

“நெட் மெதுவாக இருக்கிறது” என்பது மற்றொரு பொதுச் சாக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தோமா? ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 80 கிலோபிட் போதும். நூறு அழைப்புக்கு 8 மெகாபிட். இணைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தும் குரல் உடைகிறது என்றால், தாமதத்தையும் தவறிப்போகும் பாக்கெட்டுகளையும் அளந்து பார்க்கவேண்டும். அளக்காமல் சொல்வது சாக்கே அன்றிக் காரணம் ஆகாது.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஓர் ஊழியர்மீது ‘அழைப்பைத் துண்டித்தார்’ என்று குற்றம் சாட்டுமுன், துண்டித்தது யார் என்னும் சர்வர் பதிவை நிறுவனம் அவருக்குக் காட்டவேண்டும். ஹெட்போன் மாட்டி வேலைக்குச் செல்லும் நம் தோழர்கள், பழுது நேர்ந்த மணி, நிமிடம், விநாடியைக் குறித்துவைக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளவேண்டும். நெட்வொர்க் துறைக்குச் செல்லப்போகும் தோழர்கள், எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதோடு நின்றுவிடாமல், செய்தி எங்கே புறப்பட்டு எங்கே நின்றது என்று தேடக் கற்கவேண்டும்.

கற்பதற்குப் பணம் தடையன்று. மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெரால்டு கோம்ஸ் உருவாக்கி, 1998-இல் ஈதரியல் என்ற பெயரில் வெளிவந்து, 2006-இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிய மென்பொருளும் அவ்வாறே. பழைய கணினி ஒன்றும் கைப்பேசிகள் இரண்டும் இருந்தால் விடுதி அறையிலேயே ஒரு சிறு கால் சென்டர் அமைக்கலாம். வேண்டுமென்றே முகவரியைத் தவறாகக் கொடுத்து, 32-ஆம் விநாடியில் அழைப்பு அறுவதைக் கண்ணால் காணலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அலுவலகத்தில் அனுமதியின்றி இக்கருவியை இயக்கலாகாது. பிறர் பேச்சும் அட்டை எண்ணும் அதில் அகப்படும். பழுதைத் தேடுகிறேன் என்று பிறர் அந்தரங்கத்தைத் திறப்பது குற்றம்.

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறது; மகிழ்ச்சி. விடுமுறை நாளொன்றில் இப்பயிற்சிக்கும் இடம் கொடுத்தால் என்ன? அடுத்த முறை நம் தோழர் ஒருவர் கையில் எச்சரிக்கைக் கடிதம் வரும்போது, அவருக்காகக் கணக்கைப் பார்த்துச் சொல்ல நால்வராவது நம்மிடையே இருக்கவேண்டும். செயற்குழு சிந்திக்குமாக!